இடது பக்கத்து மரம்

‘‘டேய், ருத்ரோத்காரியைக் காணோம்டா!’’

ராத்திரி ஒன்பதரை மணிக்கு சித்தப்பாவிடமிருந்து போன். காணாமல் போனது மனிதர் இல்லை, வருஷம். தமிழ் வருஷம். 1983 ஏப்ரல் முதல் 84 ஏப்ரல் வரை.

விளக்கமாகச் சொல்கிறேன். சித்தி கல்யாணமாகி வந்தது ஆனந்த வருஷம், அதாவது 1974. அந்தச் சித்திரையிலிருந்து தினமும் வீட்டுக் கணக்கு எழுதினார். பால், புளி, தபால் கார்டு நாலு, பெரியவனுக்கு ஸ்லேட்டு, சினிமா இரண்டு டிக்கெட், திரும்பி வர ரிக்‌ஷா. வருஷத்துக்கு ஒரு நோட்டு. சித்தி போன பிறகு சித்தப்பாவுக்கு அந்த நோட்டுகள்தான் துணை. ஒரு ஸ்கேனர் வாங்கி, பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு ஃபோல்டர் போட்டு கம்ப்யூட்டரில் ஏற்றினார். முப்பது வருஷம் சார்பதிவாளர் ஆபீஸ் ரிக்கார்டு ரூமில் வேலை பார்த்தவர். ஒழுங்கைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஸ்கேன் முடிந்த கையோடு பரணில் போட்ட ஒரிஜினல் நோட்டுகளில் பாதியைக் கரையான் தின்றுவிட்டது. ருத்ரோத்காரியும் அதில் ஒன்று. எனவே கம்ப்யூட்டரில் இல்லை என்றால் உலகத்தில் இல்லை.

மறுநாள் காலை போனேன். ‘‘தேடிப் பார்த்தீங்களா?’’ என்று கேட்டேன். எல்லோரும் கேட்கிற கேள்விதான். தேடலாம், என்னவென்று தேடுவது? உள்ளே இருக்கிற படங்களுக்கெல்லாம் ஸ்கேனர் தன் இஷ்டத்துக்கு வைத்த நம்பர்தான் பெயர். எல்லா வருஷத்துக்குள்ளும் ஒரு 0001 உண்டு. ஃபோல்டர் பெயரை சித்தப்பா இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருக்கிறார். ருத்ரோத்காரியை இங்கிலீஷில் எப்படி எழுதுவீர்கள்? டி-யா, டி.ஹெச்-சா, தீர்க்கமாக இரண்டு ஓ-வா? எனக்குத் தெரிந்த ஐந்தாறு ஸ்பெல்லிங்கைப் போட்டுப் பார்த்தேன். பூஜ்யம்.

யோசித்தபடி மௌஸை சும்மா இடது பக்கம் நகர்த்தினேன். ஃபோல்டர் பெயர்களின் முன்னால் சின்னச் சின்ன அம்புக்குறிகள் முளைத்தன. ஃபோல்டருக்குள் ஃபோல்டர் இருந்தால்தான் அந்த அம்பு வரும். சித்தியின் வருஷங்களுக்குள் வெறும் படங்கள்தான், அதனால் எதற்கும் அம்பு இருக்கக் கூடாது. ஆனால் ஒரே ஒரு வருஷத்துக்கு இருந்தது. ரௌத்திரி. 1980. கிளிக் செய்தேன். உள்ளே சமர்த்தாக உட்கார்ந்திருந்தது ‘ருதிரோத்காரி’. சித்தப்பா ஸ்பெல்லிங்.

நடந்தது இவ்வளவுதான். இங்கிலீஷ் அகரவரிசையில் ரௌத்திரியும் ருதிரோத்காரியும் பக்கத்து வீட்டுக்காரர்கள். சித்தப்பாவுக்குக் கையில் கொஞ்சம் நடுக்கம். கிளிக் செய்யப் போய், அழுத்தியபடியே ஒரு நூல் இழுத்திருக்கிறார். மூன்று வருஷம் தாண்டி ஒரு வருஷம் இன்னொன்றின் வயிற்றுக்குள் போய்விட்டது. தப்பு கையினுடையதுதான், மௌஸ் சொன்னபடி கேட்டது. உடனே கவனித்து கண்ட்ரோல்-இஸட் அடித்திருந்தால் திரும்பி வந்திருக்கும். கவனித்தால்தானே.

அன்றிலிருந்து இந்த இடது பக்கத்து மரத்தைப் பற்றி ஏகமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ‘இதெல்லாம் ஒரு விமர்சனமா, ஒரு படத்தைப் பற்றி எழுதக் கூடாதா?’ என்பீர்கள். நாம் ஒரு படத்தை இரண்டரை மணி நேரம் பார்க்கிறோம். இந்த ஜன்னலை தினமும் நூறு தடவை பார்க்கிறோம். இதற்கு விமர்சனம் இல்லையென்றால் வேறு எதற்கு?

மரம் என்று ஏன் பெயர்? வேர் மேலே, கிளைகள் கீழே. பகவத் கீதையின் 15-வது அத்தியாயம் தொடங்குகிற அதே தலைகீழ் அரச மரம். அதை வெட்டிச் சாய்க்கவும் அங்கேயே சொல்லியிருக்கிறது. அந்த உபதேசத்தை மைக்ரோசாஃப்ட் 2007-லிருந்து சிரத்தையாகக் கடைப்பிடித்து வருகிறது என்பது என் கட்சி.

ஆரம்பத்தில் மரமே இல்லை. 1981-ல் ஐ.பி.எம். பி.சி-யோடு வந்த முதல் டாஸில் ஃபோல்டரே கிடையாது; எல்லா ஃபைலும் ஒரே சாக்கு மூட்டை. ஃப்ளாப்பியில் கொள்ளுவதே கொஞ்சம், அதற்கு அது போதும். பத்து மெகாபைட் ஹார்டு டிஸ்க்கோடு எக்ஸ்.டி. மாடல் வந்தபோதுதான் டாஸ் 2.0 ஃபோல்டருக்குள் ஃபோல்டர் வைக்க அனுமதித்தது. அது 1983 மார்ச். சித்தி கணக்கில் துந்துபி வருஷ மாசி. ருத்ரோத்காரி பிறக்க இன்னும் ஒரு மாதம். யுனிக்ஸ்காரர்களும் அதற்கு முன் மல்டிக்ஸ்காரர்களும் அறுபதுகளிலேயே மரம் நட்டவர்கள். நம் மேஜைக்கு அது வந்தது அப்போதுதான்.

அதைக் கண்ணால் பார்க்க வைத்தது 1990-ல் விண்டோஸ் 3.0-வில் வந்த ஃபைல் மேனேஜர். விண்டோஸ் 3.1-ல் ஒரே ஜன்னலில் இடது பக்கம் மரம், வலது பக்கம் சரக்கு. 1995-ல் அதுவே எக்ஸ்ப்ளோரர் ஆனது. புள்ளிக் கோடுகள், கூட்டல் கழித்தல் பெட்டிகள். பார்க்க அழகில்லை. ஆனால் வலது பக்கம் எந்த ஃபோல்டரைத் திறந்தாலும் இடது பக்க மரமும் கூடவே விரிந்து, ‘ஐயா, நீங்கள் இப்போது இங்கே நிற்கிறீர்கள்’ என்று காட்டும்.

நான் பி.காம். படித்தவன். முதல் வருஷத்தில் மண்டையில் அடித்துச் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்று. பற்று இடது பக்கம், வரவு வலது பக்கம், இரண்டும் டேலி ஆக வேண்டும். ஆகவில்லை என்றால் எங்கேயோ பிசகு. எக்ஸ்ப்ளோரரை அந்தக் கண்ணோடுதான் பார்த்துப் பழகினேன். இடதும் வலதும் எப்போதும் ஒரே கதையைச் சொன்னன.

2007-ல் விஸ்டா வந்தது. கோடுகள் போயின. கூட்டல் பெட்டி போய் அம்புக்குறி வந்தது. அதுவும் மௌஸ் அந்தப் பக்கம் போனால்தான் தலைகாட்டும், வந்துவிட்டால் மங்கி மறையும். திரை சுத்தமாகத் தெரிய வேண்டுமாம். மாடிப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவே படிக்குப் பக்கத்தில் போக வேண்டிய வீடு அது. நான் மட்டும் அன்றைக்கு மௌஸை அந்தப் பக்கம் நகர்த்தாமல் இருந்திருந்தால் ருத்ரோத்காரி இன்னும் ரௌத்திரிக்குள்தான்.

பெரிய அடி 2009-ல், விண்டோஸ் 7-ல். வலது பக்கம் நீங்கள் ஏழு கடல் தாண்டி எங்கே போனாலும் இடது பக்க மரம் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்காது. டேலி போயே போச்சு. பின்னால் வந்தவர்கள் மரத்துக்கு மேலே திண்ணை கட்டினார்கள். விண்டோஸ் 10-ல் (2015) ‘குவிக் ஆக்சஸ்’. இப்போதைய விண்டோஸ் 11-ல் ‘ஹோம்’. நீங்கள் அடிக்கடி போகிற ஃபோல்டர், கடைசியாகத் திறந்த ஃபைல் எல்லாம் அங்கே தயாராக இருக்கும். சௌகரியம்தான், மறுக்கவில்லை. நானும் தினமும் அந்தத் திண்ணையில்தான் உட்காருகிறேன். ஆனால் அதன் வழியாக உள்ளே போனால், ஃபைல் கையில் இருக்கும், அது எந்த அறையில் இருக்கிறது என்பது தெரியாது. போன வாரம் நண்பர் ஒருவர் சொன்னார்: ‘‘ஃபைல் இருக்கு சார், எங்க இருக்குன்னுதான் தெரியலை.’’ அவர் சார்ட்டர்ட் அக்கவுன்ட்டன்ட்.

இவர்கள் மட்டும் இல்லை. ஆப்பிளின் ஃபைண்டர் சைடுபாரில் மரம் இல்லை. அவர்கள் அடுத்தடுத்த பத்திகளாகக் காட்டி ஒப்பேற்றுகிறார்கள், அது நன்றாகவே இருக்கிறது. லினக்ஸில் நாட்டிலஸ் 2012-ல் மரத்தைத் தூக்கி எறிந்தது. மின்ட் கோஷ்டியினர் கோபித்துக்கொண்டு பழைய நாட்டிலஸை எடுத்து நெமோ என்று தனிக்குடித்தனம் போனார்கள். ஒரு மரத்துக்காகவும், அதோடு போன இன்னும் சிலவற்றுக்காகவும் பாகப்பிரிவினை.

மைக்ரோசாஃப்ட் தரப்பில் நியாயமே இல்லையா? உண்டு. மரம் கூடவே விரிந்தால் அது துள்ளும். ஆறேழு அடுக்கு ஆழமான ஃபோல்டர் என்றால் பெயர்கள் வலது பக்கமாக நழுவி, பாதி எழுத்துதான் தெரியும். பக்கவாட்டில் நகர்த்த இருந்த பட்டையையும் பிடுங்கிவிட்டார்கள். சிலருக்கு இது தலைசுற்றல். சரி, அவர்களுக்கு நிறுத்தி வைக்கட்டும். வேண்டும் என்கிறவனுக்கு எங்கே ஸ்விட்ச்?

இருக்கிறது. இடது பக்கத்தில் காலி இடமாகப் பார்த்து வலது பட்டனை அழுத்துங்கள். ‘திறந்த ஃபோல்டர் வரை விரி’ என்கிற அர்த்தத்தில் ஒரு வரி வரும். அதை டிக் செய்தால் பழைய டேலி திரும்பிவிடும். பக்கத்திலேயே ‘எல்லா ஃபோல்டர்களையும் காட்டு’ என்று இன்னொன்று. அது கண்ட்ரோல் பேனல், குப்பைத்தொட்டி எல்லாவற்றையும் மரத்தில் தொங்கவிடும், எனக்குப் பிடிக்கவில்லை. கீபோர்டின் வலது ஓரத்து நம்பர் கட்டையில் இருக்கிற நட்சத்திரத்தைத் தட்டினால், தேர்ந்தெடுத்த ஃபோல்டருக்குக் கீழே உள்ள மொத்தமும் ஒரே விரிப்பாக விரியும். சி டிரைவ் மேல் வைத்துத் தட்டிவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

ஆக, வசதி இருக்கிறது, ஆனால் காலி இடத்தில் கிளிக் செய்தால் கிடைக்கும். காலி இடத்தில் யார் ஐயா கிளிக் செய்வார்கள்? அங்கேதான் ஒன்றும் இல்லையே!

எனக்கு உண்மையில் எரிச்சல் வருவது வேறு இடத்தில். எக்ஸ்பி காலம் வரை எக்ஸ்ப்ளோரருக்கு ஒரு ஷார்ட்கட் செய்து, அதன் கட்டளை வரியில் ‘ரூட்’ என்று ஒரு வால் ஒட்டி, நம் ஃபோல்டரின் முகவரியைக் கொடுத்துவிடலாம். அந்த ஜன்னலில் அதுதான் மரத்தின் வேர். அதற்கு மேலே உலகம் இல்லை. ‘கட்டுரைகள்’ என்று ஒரு ஷார்ட்கட் வைத்து வருஷக்கணக்கில் குப்பை கொட்டினேன். சித்தப்பா மாதிரி ஆட்களுக்கு அளவெடுத்துத் தைத்த ஏற்பாடு. பின்னால் வந்த எக்ஸ்ப்ளோரர்கள் அந்த வாலுக்கு மதிப்புக் கொடுப்பதில்லை. மொத்த மரத்தையும் காட்டிவிடுகின்றன.

நம் வேரை நாம் வைக்க முடியாது. ஆனால் அவர்கள் நட்டதைப் பிடுங்கவும் முடியாது. 2017-ல் ஒரு நாள் விண்டோஸ் 10-க்குள் ‘3டி ஆப்ஜெக்ட்ஸ்’ என்று ஒரு ஃபோல்டர் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தது. முப்பரிமாணத்தில் ஏதாவது வரைகிற ஒரு ஆசாமியையும் எனக்குத் தெரியாது. வலது கிளிக் செய்து நீக்க வழியில்லை. ரிஜிஸ்ட்ரி என்கிற பாதாள லோகத்தில் இறங்கி, நெளிவு அடைப்புக்குள் 32 இலக்கப் பெயர் கொண்ட ஒரு பதிவைத் தேடி அழிக்க வேண்டும். 2021-ல், விண்டோஸ் 11 வந்தபோது, அவர்களே எடுத்துவிட்டார்கள். ஒன்டிரைவும் அப்படித்தான்: உபயோகிக்காவிட்டாலும் மரத்தில் நிற்கும். அதை மரத்திலிருந்து மறைக்க, அதே பாதாளத்தில் ஒரு 1-ஐ 0 ஆக்க வேண்டும். வாடகை வீட்டில்கூட வாசல் கோலம் நம் இஷ்டம். இங்கே வீடு நம்முடையது, கோலம் பில்டர் போடுகிறார்.

சும்மா திட்டிக்கொண்டே இருக்காமல், ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவின் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்தேன். முதலில் சித்தியின் வருஷங்கள் முழுவதையும் இரண்டு பென்டிரைவில் பிரதி எடுத்தேன். அப்புறம் மரம் கூடவே விரிய டிக். இடது பக்கத்தை அகலமாக இழுத்து விட்டேன், ‘பிரஜோற்பத்தி’ முழுசாகத் தெரியும் வரை. பழைய டாஸ் கால ‘சப்ஸ்ட்’ கட்டளையை வைத்து சித்தியின் ஃபோல்டருக்குத் தனி டிரைவ் எழுத்து கொடுத்தேன், எஸ். மெஷினை அணைத்தால் அது மறந்துபோகும் என்பதால், தினமும் தானே ஓடுகிற மாதிரி செய்தேன். ஃபோல்டர்களுக்கு முன்னால் வருஷ நம்பரையும் போட்டேன். 1980-க்கும் 1983-க்கும் நடுவே இப்போது இரண்டு பேர் நிற்கிறார்கள்.

கடைசியாகக் கை நடுக்கம். அழுத்திப் பிடித்த மௌஸ் எத்தனை புள்ளி நகர்ந்தால் அது ‘இழுப்பது’ என்று விண்டோஸ் எடுத்துக்கொள்ளும்? நாலு. நாலே புள்ளி! அகலத்துக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று என்று ரிஜிஸ்ட்ரியில் இரண்டு எண்கள் இருக்கின்றன. இரண்டையும் நாற்பது ஆக்கிவிட்டு, வெளியேறி மறுபடி உள்ளே வந்தேன். இப்போது சித்தப்பா வேண்டுமென்றே இழுத்தால்தான் நகர்கிறது. இந்த எண்களை மௌஸ் செட்டிங்கில், பெரிய எழுத்தில், ஒரு ஸ்லைடராக வைக்க யாருக்கும் தோன்றவில்லை பாருங்கள்.

சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எஸ்-ஐத் திறந்தார். ருத்ரோத்காரி, ஆவணி. சித்தியின் சாய்ந்த கையெழுத்து. டார்ச்சுக்கு பாட்டரி இரண்டு, அப்பளம் ஒரு கட்டு, ‘இவருக்கு செருப்பு’. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் இடது பக்கம் மேலே விரலை வைத்தார்.

‘‘இது என்னடா ஹோம்? வீட்லதானே உக்காந்திருக்கேன். இதை எடுத்துடேன்.’’

‘‘சுலபமில்ல சித்தப்பா. அதுக்கு ரிஜிஸ்ட்ரிக்குள்ள போகணும். எங்கயாவது கை வெச்சா மொத்தமும் படுத்துடும்.’’

‘‘ரிஜிஸ்ட்ரியா?’’ என்று நிமிர்ந்தார். ‘‘முப்பது வருஷம் அதுக்குள்ளதான் குடியிருந்தேன். தள்ளிக்கோ.’’

மௌஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். புதன்கிழமை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.