சூரியன் மட்டும் இறங்கவில்லை: குறவஞ்சியும் சைக்கிள் பயணமும்

குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி கேட்க, குறத்தி தன் மலையின் வளத்தைப் பாடுவாள். பள்ளிக்கூடத்தில் படித்த பாட்டுதான். "உயர்வு நவிற்சி அணி" என்று ஒரு வரி எழுதி மார்க் வாங்கிவிட்டு நகர்ந்துவிட்டோம். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. மலைக்குள் எப்படிப் போகவேண்டும் என்பதற்கு அந்தப் பாட்டில் ஒரு வாதமே இருக்கிறது. சைக்கிளில் மலைக்குப் போறவங்க அதை ஒருமுறை திரும்பப் படிக்கலாம்.

பாட்டில் யார் யார் வருகிறார்கள் என்று பாருங்க. மந்தி சிந்தும் பழத்துக்கு வானத்துக் குரங்குகள் கெஞ்சுகின்றன. வேடர்கள் கண்ணாலேயே தேவர்களைக் கூப்பிடுகிறார்கள். ஆகாயத்தில் போகிற சித்தர்கள்கூட இறங்கி வந்து மூலிகை விளைக்கிறார்கள். மேலே இருக்கிறவர்களுக்கெல்லாம் இந்த மலையோடு ஏதோ ஒரு பேச்சுவார்த்தை. இறங்காமல் வண்டியிலேயே கடந்து போகப் பார்ப்பவன் சூரியன் ஒருவன்தான். தேனருவியின் அலை வான்வழியில் வழிந்து, அவனுடைய குதிரைக் காலும் தேர்ச் சக்கரமும் வழுக்குகின்றன. சறுக்கல் அவனுக்கு மட்டும்தான். இது தற்செயல் என்று எனக்குத் தோணலை.

தேனருவியைத் 'தேன் போன்ற அருவி' என்று படிக்கலாம். எங்க பக்கத்து ஆளுக்கு அது ஒரு இடத்தின் பெயரும்கூட. பேரருவிக்கு மேலே செண்பகாதேவி, அதற்கும் மேலே தேனருவி. ஆய்க்குடியிலிருந்து தென்காசி வழியாகப் பேரருவி வரை சைக்கிள் சுகமாகப் போகும். அங்கே தார் ரோடு முடிந்தது. அதற்கு மேல் கால்தான். கவிராயர் பக்கத்து மேலகரத்துக்காரர். சக்கரம் எங்கே உதவாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

குறத்தியின் அதிகாரமும் நடையிலிருந்துதான் வருகிறது. பின்னால் சிங்கன் அவள் காலைக் காட்டி ஒவ்வொன்றாகக் கேட்கிறான். சிலம்பு சேலத்து நாட்டில் குறி சொல்லிப் பெற்றது, காலாழி கண்டி தேசத்தில் கிடைத்தது என்று அவள் சொல்லிக்கொண்டே போகிறாள். அதாவது அவளுடைய பயணப் பதிவு அவள் காலிலேயே கிடக்கிறது. ஒவ்வொரு நகைக்குப் பின்னாலும் ஒரு ஊர், ஒரு உரையாடல். நம்ம ஸ்ட்ராவா பதிவில் என்ன இருக்கு? தூரம், ஏற்றம், வேகம். ஆட்டோ பாஸ் போட்டிருந்தால் சக்கரம் நின்றதும் கணக்கும் நின்றுவிடும். ஓடையில் கால் நனைத்த அரைமணி நேரம் ஓட்டிய நேரக் கணக்கில் வராது. சாஃப்ட்வேர் எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: எதை அளக்கவில்லையோ அது நடக்கவே இல்லை என்று நம்ப வைப்பதுதான் இந்த வடிவமைப்பின் கோளாறு.

அயர்லாந்தின் டெர்வ்லா மர்ஃபி 1963-இல் சைக்கிளிலேயே டெல்லி வரை வந்தவர். அந்தப் பயணத்தைச் சொல்லும் 'ஃபுல் டில்ட்' 1965-இல் வந்தது. அதில் என் மனசில் நிற்பது சைக்கிள் ஓடாத இடம்தான். பாபுசர் கணவாய்ப் பகுதியில் பாலம் அடித்துக்கொண்டு போயிருக்கிறது. சைக்கிளைச் சுமந்தபடி, ஆற்றைக் கடக்கும் ஒரு மாட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அக்கரை சேர்கிறார். தண்ணீரின் போக்கு தன்னைவிட அந்த மாட்டுக்குத் தெரியும் என்று ஒத்துக்கொண்ட இடம் அது. அவர் குறத்தியின் கட்சி, சூரியனின் கட்சி இல்லை.

பாட்டின் மேல் எனக்கு ஒரு குறையும் உண்டு. அதில் வழுக்கல் அழகாக இருக்கிறது, யாருக்கும் அடிபடுவதில்லை. நிஜம் வேறே. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். கீழே வானம் வெளுத்திருக்கும்போதே மேலே மலையில் மழை கொட்டியிருக்கலாம். நம்ம பக்கத்துப் பிள்ளைகள் நீச்சல் படிப்பது கிணற்றிலும் குளத்திலும். அந்த நீச்சல் அருவித் தண்ணீரில் செல்லாது. அருவியில் நிற்கலாம், குளிக்கலாம்; அதன் தடாகத்தில் நீந்த ஆசைப்படக்கூடாது. வனத்துறை வழியை அடைத்திருந்தால் திரும்பிவிட வேண்டியதுதான். இறங்குவது என்றால் சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தண்ணீரில் குதிப்பது என்று அர்த்தமில்லை. அந்த இடம் தெரிந்தவரிடம் கேட்பதும் அதில் அடக்கம்.

இந்தப் பாட்டுக்காக மதுரை நாயக்கர் முத்து விசயரங்க சொக்கநாதர் கவிராயருக்கு நிலம் கொடுத்தார். 'குறவஞ்சி மேடு' என்று பெயர். பரிசு கவிராயருக்குப் போனது. ஆனால் மலையைச் சொல்லும் உரிமையை அவர் குறத்தியின் வாயில்தான் வைத்தார். அடுத்த சீசனுக்குச் சைக்கிளில் வருகிறவர்கள், எத்தனை கிலோமீட்டர் என்பதோடு எத்தனை இடத்தில் இறங்கினோம், யாரிடம் கேட்டோம் என்பதையும் எழுதுங்க. படிக்க ஆசையாக இருக்கும்.