விரும்பிக் கேட்க முடியாமற்போன பாட்டுகள்

இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவை திரைப்பாடலையே உயிராகக் கொண்டதற்கு இந்தியாவும் ஒரு காரணம். 1952இல் அமைச்சரான பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களை ஒதுக்கிவைத்தார். நேயர்கள் வானொலியைக் கொழும்புக்குத் திருப்பினார்கள். 1957இல் அதே வானொலியின் திரைப்பாடல் சேவையாக விவித்பாரதி வந்த பிறகும் தமிழ்நாட்டில் அந்தப் பழக்கம் விடவில்லை. விளம்பரமும் இசைத்தட்டும் கொழும்பில் குவிந்தன. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் என்று அறிவிப்பாளர்களின் பெரும் வரிசை எழுந்தது அந்தக் குவியலின் மேல்தான்.

அந்தக் குரல்களைக் கேட்ட வன்னி ஊர்களில் ஒன்றான, பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் இருக்கும் விசுவமடு, படித்த இளைஞர்களுக்கான குடியேற்றத் திட்டத்தால் 1960களில் வளர்ந்த ஊர். 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாடு செத்தல் மிளகாய்க்கு நல்ல விலை கொடுத்தபோது ஊர் தலைநிமிர்ந்தது. காட்டை வெட்டித் தோட்டம் செய்தவர்களுக்கு, நேயர் விருப்பம் நிகழ்ச்சிக்கு ஒரு தபாலட்டை எழுதிப்போட்டால் தங்கள் பெயரும் ஊரும் கடல் தாண்டிக் கேட்கும் என்பது சிறிய விடயமல்ல. பாட்டு சென்னையில் பிறந்தது. கேட்பவரின் பெயர் எங்களுடையது. திரைப்பாடல் வானொலியைக் கெடுத்தது என்ற குற்றச்சாட்டை அதனால்தான் நான் முழுதாக ஏற்பதில்லை.

ஆனால் அதே காலத்தில் ரொக்சாமி, முத்துசாமி ஆகியோரின் இசையிலும் பரராஜசிங்கம் போன்றோரின் குரலிலும் ஈழத்து மெல்லிசை பிறந்தது. இங்கேதான் நிலையம் தவறியது என்பேன். மெல்லிசைக்கென்று சிறிய நேரம் ஒதுக்கினார்கள். அதில் ஒலித்துவிட்டு ஒலிநாடா அலுமாரிக்குப் போனது. பெரும்பாலான மெல்லிசைப் பாடல்களுக்குக் கடையில் விற்கும் இசைத்தட்டு இல்லை. நேயர் விருப்பமோ திரைப்பாடலுக்கே உரியதாக இருந்தது. நாளுக்கு நாலு முறை ஒலித்த பாட்டையும் எப்போதாவது ஒலித்த பாட்டையும் பக்கத்தில் வைத்து, “சனம் இதைத்தான் விரும்புது” என்று சொல்வது நியாயமான அளவுகோல் அல்ல. கொழும்புக் கலையகத்து மெல்லிசைக்கே இந்த நிலை என்றால், வன்னியின் நெல்லறுவடைப் பாட்டான அருவி வெட்டுப் பாட்டுக்கும் முல்லைத்தீவின் கோவலன் கூத்துக்கும் எங்கே இடம்?

1990இல் விடுதலைப் புலிகள் இயக்கத்தின் வானொலியான புலிகளின் குரல் தொடங்கியபோது வரிசை தலைகீழானது. எழுச்சிப் பாடல் முன்னுக்கு வந்தது. போர்க்கால வன்னியில் மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதியைக் கையால் சுற்ற, டைனமோவில் வானொலி பேசியது. சுற்றுகிறவர் களைத்தால் பாட்டும் தளர்ந்தது. அடுத்தவர் கை மாற்றிக்கொண்டார். உள்ளூர்க் கவிஞருக்கும் எஸ். ஜி. சாந்தன் போன்ற பாடகருக்கும் முன்பு கிடைக்காத ஒன்று அப்போது கிடைத்தது. அவர்களின் பாட்டு திரும்பத் திரும்ப ஒலித்தது, சனத்துக்கு மனப்பாடமானது. திரும்ப ஒலித்தால் உள்ளூர்ப் பாட்டும் வேர்பிடிக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். குறையும் அங்கேயே இருந்தது. பாட்டுக்கு ஒரே வேலைதான். இயக்கத்தோடு உடன்படாதவரின் துயரத்துக்கும், போரைக் கேள்வி கேட்ட தாயின் குரலுக்கும் அந்த அலைவரிசையில் பாட்டு இல்லை. எதைக் கேட்பது என்று சனத்துக்காக வேறொருவர் முடிவெடுத்தார்.

2009இல் போர் முடிந்த பிறகு சூரியன், சக்தி போன்ற கொழும்புத் தனியார் எஃப்.எம்.களின் வரிசையே வன்னியின் வரிசையுமானது. வர்த்தக சேவையும் ‘தென்றல்’ ஆகி அவற்றோடு போட்டிபோடுகிறது. நேயரே தொலைபேசியில் வந்து தன் வாயால் பேசுவது உண்மையான முன்னேற்றம். தபாலட்டைக் காலத்தில் பெயர் மட்டுமே போனது. இப்போது விசுவமடுப் பிள்ளையின் பேச்சுவழக்கே காற்றில் போகிறது. ஆனால் பேசி முடித்ததும் அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பது பெரும்பாலும் இந்த வாரத்துச் சென்னைப் பாட்டு. கேட்கக்கூடிய பாட்டுகளின் பட்டியல் பேசுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

மெல்லிசைக்குத் தனி நிகழ்ச்சி தாருங்கள் என்பது என் கோரிக்கையல்ல. ஒதுக்கிய சிறு நேரந்தான் அதை ஒருமுறை முடக்கியது. நேயர் விருப்பத்துக்குள்ளேயே அதைச் சேர்க்க வேண்டும். காலை நேரத்தில், திரைப்பாடலுக்கு நடுவில், பரராஜசிங்கமும் அருவி வெட்டுப் பாட்டும் ஓராண்டுக்கு வரட்டும். அதன்பிறகு சனம் எதை விரும்புகிறது என்று கணக்கெடுங்கள்.