வீட்டு ப்ளீச் கிட்: எண்ணைப் பார்த்து வாங்குங்கள்

ஆன்லைனில் வாங்கிய ஹைலைட் கிட்டைப் பிரித்தால் உள்ளே இவ்வளவுதான்: நீலநிற ப்ளீச் பொடி, டெவலப்பர் பாட்டில், பிரஷ், பிளாஸ்டிக் கிண்ணம், கையுறை, இலவசமாக ஊதா ஷாம்பு ஒரு சாஷே. அட்டையில் சிரிக்கும் பெண்ணின் கூந்தல் மணல் நிறத்தில் மின்னுகிறது. அதை மறந்துவிட்டு, டெவலப்பர் பாட்டிலின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் எண்ணைத் தேடுங்கள்.

20 வால்யூம் என்றால் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. 30 என்றால் 9 சதவீதம், 40 என்றால் 12. எண் ஏற ஏற முடி சீக்கிரம் வெளுக்கும். சீக்கிரம் கெடவும் செய்யும். இந்த கிட்டில் வந்தது 30. அதை எடுத்து வைத்துவிட்டு, 20 வால்யூம் பாட்டிலைத் தனியாக வாங்கித்தான் சோதித்தேன்.

காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி 48 மணி நேரம் பார்த்தாயிற்று, அரிப்பில்லை. அடுத்து, பின்கழுத்துப் பக்கம் வெளியே தெரியாத இடத்தில் ஒரு சிறு கொத்து முடியைக் கத்தரித்து, நூலால் கட்டி, கலவையைப் பூசி ஃபாயிலில் மடித்தேன். ஜன்னலைத் திறந்து வையுங்கள். பொடியில் இருக்கும் பெர்சல்ஃபேட் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. அவ்வப்போது பிரித்துப் பார்த்தால் கறுப்பு முதலில் செம்பழுப்பாகி, பிறகு செங்கல் நிறத்துக்கு வந்து, ஆரஞ்சில் நின்றுவிட்டது. நம் கருமுடியில் மெலனின் அதிகம். மணல் நிறம் வேண்டுமென்றால் இன்னும் பல படி வெளுக்க வேண்டும், அதற்கு முடி தாங்க வேண்டும்.

தாங்குமா என்று பார்க்க எளிய வழி உண்டு. அலசிய ஈர முடியில் ஓர் இழையை மெல்ல இழுங்கள். நீண்டு, விட்டதும் திரும்பினால் பரவாயில்லை. சூயிங்கம் மாதிரி நீண்டுகொண்டே போனாலோ பட்டென்று அறுந்தாலோ ப்ளீச்சைத் தொடாதீர்கள். என் கொத்தில் நடுமுடி திரும்பியது. பழைய கலரிங் பட்ட நுனி அறுந்தது. ஆகவே நுனியைக் கத்தரித்துவிட்டு, வேரிலிருந்து ஒரு விரல்கடை தள்ளி, சில கீற்றுகள் மட்டும் போட்டேன். தேன் கலந்த பழுப்பாக, நன்றாகவே வந்திருக்கிறது.

இலவச ஊதா ஷாம்பு வீண். ஊதா மஞ்சளைத்தான் அடக்கும். ஆரஞ்சுக்கு நீல ஷாம்பு வேண்டும். இந்திய முடிக்கு விற்கிறவர்களுக்கு இது தெரியாமலா இருக்கும்!

ப்ளீச்சுக்குப் பின் பூசும் பொருட்களின் அட்டையில் வரும் ‘ரிப்பேர்’ என்ற சொல்லைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள். ப்ளீச் முடியின் கெரட்டினில் உள்ள டைசல்ஃபைடு பிணைப்புகளை உடைக்கிறது. 2014-இல் சந்தைக்கு வந்த ஓலாப்ளெக்ஸ் வகைப் பொருட்கள் அந்தப் பிணைப்புகளைக் குறிவைப்பவை. இந்த வகையில் ஒன்றைப் பூசி அலசியபின் சிக்கெடுக்கும்போது சீப்பில் வரும் முடி குறைந்தது உண்மை. ஆனால் பிளந்த நுனியை எந்தக் க்ரீமும் ஒட்டவைக்காது. விலையும் கை சுடும்.

மலிவான துணை, தேங்காய் எண்ணெய். குளிப்பதற்கு முன் தடவினால் அலசும்போது முடியிலிருந்து புரதம் வெளியேறுவது குறைகிறது என்று 2003-இல் வெளியான ஆய்வு காட்டியது. சூரியகாந்தி எண்ணெய்க்கும் மினரல் ஆயிலுக்கும் அந்தப் பலன் இல்லை. ஆய்வைச் செய்தது தேங்காய் எண்ணெய் விற்கும் மாரிகோ என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஸ்ட்ரெய்ட்னரை சில வாரம் பரணில் போடுங்கள். ஈர முடியில் அதை வைப்பது எப்போதுமே கூடாது.

‘கறுப்பு ஹென்னா’ பொடி போட்டவர்களும் கெமிக்கல் ஸ்ட்ரெய்ட்னிங் செய்தவர்களும் இந்தக் கிட்டை வாங்கவே வேண்டாம். அந்தப் பொடிகள் சிலவற்றில் உலோக உப்பு இருக்கும். பெராக்சைடு பட்டால் முடி சூடேறிக் கருகிவிடலாம். மற்றவர்களுக்கு, சில கீற்றுகள் மட்டும் போதுமென்றால், 10-க்கு 5. முழுத் தலைக்கும் வெளிர்நிறம் வேண்டுமென்றால் பார்லருக்குப் போங்கள்.