கடைசி வரியில் ஒரு மருந்து

புரோட்டாக் என்ற புரதச் சிதைப்பு மருந்துகளின் அலை அடிக்கத் தொடங்கியதிலிருந்து, மருந்தால் தொடவே முடியாது என்று கைவிடப்பட்ட புரதங்கள் ஒவ்வொன்றாகத் தூசி தட்டப்படுகின்றன. புரதங்களுக்கு அழிவுக் குறி ஒட்டும் செல்லின் யுபிக்விட்டின் ஏற்பாட்டையே ஏவிவிட்டு, வேண்டாத புரதத்தைச் சிதைத்துவிடலாம் என்பது இதன் அடிப்படை. 2001இல் கிரெய்க் குரூஸ், ரேமண்ட் டெஷேஸ் குழுக்கள் காட்டிய உத்தி, 2019இல் மனிதர்களிடம் சோதனைக்கு வந்தது. அந்த உற்சாகத்தில் மீண்டும் மேடையேறியிருப்பவற்றில் ஒன்று யுஎச்ஆர்எஃப்1. யுபிக்விட்டினும் டிஎன்ஏ மெத்திலேற்றமும் சந்திக்கும் இடத்தில் நிற்கும் புரதம் அது. புற்றுநோய்க்கு இதைவிடப் பொருத்தமான இலக்கு கிடைக்காது என்கிறார்கள் அதன் ஆதரவாளர்கள். இதைப் பற்றிய அடிப்படை உயிரியல் முதல்தரமானது. அதன் தோளில் ஏறி நிற்கும் புற்றுநோய் வாதம் அப்படிப்பட்டது அல்ல.

முதலில் பாராட்டைச் சொல்லிவிடுகிறேன். செல் பிரியும்போது டிஎன்ஏவின் பழைய இழையில் மெத்தில் குறிகள் இருக்கும்; புதிய இழையில் இருக்காது. அந்தப் பாதிக் குறியைக் கண்டுபிடித்து, மெத்தில் குறியை இடும் டிஎன்எம்டி1 நொதியை அங்கே கொண்டு சேர்ப்பது யுஎச்ஆர்எஃப்1தான் என்று 2007இல் அமெரிக்காவில் ஸ்டீவன் ஜேக்கப்சன் குழுவும் ஜப்பானில் ஹருஹிகோ கோசெகி குழுவும் காட்டின. மெத்தில் ஏறிய காரத்தை அது சுருளுக்கு வெளியே புரட்டியெடுத்துப் பிடித்துக்கொள்வதை 2008இல் மூன்று குழுக்கள் படிக வடிவத்திலேயே கண்டன. 2013இல் மகோட்டோ நகானிஷி குழு இன்னும் ஒரு படி போனது. யுஎச்ஆர்எஃப்1, டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும் புரதமான ஹிஸ்டோன் எச்3இல் யுபிக்விட்டினை ஒட்டுகிறது. டிஎன்எம்டி1 வந்து பற்றிக்கொள்வது அதைத்தான். புரதத்தைச் சிதைக்கச் சொல்லும் குறி என்றே பேர் வாங்கிய யுபிக்விட்டின், இங்கே ஒரு நொதியை வரவேற்று உட்காரவைக்கிறது. இந்த அழகை யாரும் மறுக்க முடியாது.

சிக்கல் இதற்கு அடுத்த படியில் இருக்கிறது. இத்துறையில் புற்றுநோய்க் கட்டுரை எழுதுவதற்கென்று ஒரு வார்ப்பு உருவாகிவிட்டது. பொதுத் தரவுத்தளத்தில் கட்டித் திசுவையும் பக்கத்திலுள்ள நல்ல திசுவையும் ஒப்பிட்டு, புரதம் கட்டியில் அதிகம் என்று காட்டுவது, அது அதிகமுள்ள நோயாளிகள் சீக்கிரம் இறக்கிறார்கள் என்று ஒரு வரைபடம் போடுவது, வளர்ப்புச் செல்களில் அந்தப் புரதத்தைக் குறைத்து, வளர்ச்சி நின்றதைக் காட்டுவது, யுபிக்விட்டினை அளவுக்கு மீறி உற்பத்தி செய்யவைத்த செல்களில் புரதங்களைச் சிதைக்கும் கூடமான புரோட்டியசோமை அடைத்துவிட்டு, ஜெல்லில் ஏணிபோலப் பட்டைகள் தெரிவதைப் படமெடுப்பது, கடைசியாக எலி. முடிவுரையின் கடைசி வரியில் தவறாமல் ஒரு புதிய சிகிச்சை இலக்கு பிறந்துவிடும். யுஎச்ஆர்எஃப்1 விஷயத்தில் மார்பகம், நுரையீரல், பெருங்குடல், கல்லீரல் என்று உறுப்பு மாறுகிறது, வார்ப்பு மாறுவதில்லை.

இதில் முதல் படியே சறுக்கல். யுஎச்ஆர்எஃப்1 பெருகும் செல்லின் புரதம். டிஎன்ஏவை நகலெடுக்கும் கட்டத்துக்குச் செல் போகும்போது அது உயரும். செல் ஓய்ந்தால் இறங்கும். குடல் சுவரிலும் எலும்பு மஜ்ஜையிலும் பெருகிக்கொண்டிருக்கும் ஆரோக்கியமான செல்களுக்கும் அது வேண்டும். கட்டியில் பெருகும் செல்கள் அதிகம்; பக்கத்துத் திசுவில் குறைவு. ஆகவே கட்டியில் இந்தப் புரதம் அதிகமாக இல்லாவிட்டால்தான் வியப்பு. கல்யாண மண்டபத்தில் விழுந்த எச்சில் இலைகளை எண்ணினால் எத்தனை பேர் வந்தார்கள் என்று தெரியும். கூட்டத்தை வரவழைத்தது இலைதான் என்று யாரும் சொல்லமாட்டோம். இங்கே அதைத்தான் சொல்கிறார்கள்.

இரண்டாம் படியான ஆயுள் வரைபடத்தின் கதை இன்னும் மோசம். 2011இல் டேவிட் வெனெட், ஜாக் துமோன், வின்சென்ட் தெதூர் மூவரும் மார்பகப் புற்றுநோயின் போக்கைக் கணிப்பதாக வெளியாகியிருந்த 47 மரபணுத் தொகுப்புகளை எடுத்து, குருட்டாம்போக்கில் பொறுக்கிய மரபணுக்களோடு மோதவிட்டார்கள். 28 தொகுப்புகள் அந்தக் குருட்டுத் தொகுப்புகளைவிடக் குறிப்பிடும்படி மேலாக இல்லை. சாப்பிட்டபின் சிரிப்பதால் ரத்தத்தில் ஏற்படும் மரபணு மாற்றங்களை அளந்த ஒரு தொகுப்புகூட நோயாளிகளின் ஆயுளோடு ஒத்துப்போனது! காரணம் எளிது. செல் பெருக்கத்தின் வேகம் ஆயிரக்கணக்கான மரபணுக்களில் நிழலாடுகிறது. அதில் எதைத் தொட்டாலும் ஆயுளோடு தொடர்பு தெரியும். இந்த எச்சரிக்கை வந்து பல ஆண்டுகள் ஆகியும் அதே வரைபடத்தைச் சான்று என்று நீட்டுகிறவர்களிடம் என்ன சொல்வது?

மூன்றாம் படிக்கு மெல்க் என்ற புரதத்தின் கதை போதும். அதுவும் கட்டிகளில் உயர்ந்திருந்தது, ஆயுளோடு ஒத்துப்போனது, குறைத்தால் செல் சாகும் என்றார்கள். அதைக் குறிவைத்த மருந்து நோயாளிகளின் உடலுக்குள்ளும் போனது. 2017இல் ஜேசன் ஷெல்ட்சர் குழு கிரிஸ்பர் மரபணுத் திருத்த உத்தி கொண்டு அந்த மரபணுவையே செயலிழக்க வைத்தது. புற்றுநோய்ச் செல்கள் எதுவும் நடக்காததுபோல் வளர்ந்தன. ஆனால் மெல்க் இல்லாத அந்தச் செல்களும் அதே மருந்தைக் கொடுத்தால் செத்தன. அதாவது மருந்து வேறு எதையோ தாக்கிக்கொண்டிருந்தது. மெல்க் உயர்ந்திருந்தது செல் பெருக்கத்தின் அடையாளமாகத்தான்.

யுஎச்ஆர்எஃப்1 மெல்க் மாதிரி வெற்று அடையாளம் அல்ல, அதை நீக்கினால் செல் உண்மையிலேயே தடுமாறும் என்பார்கள். சரிதான். ஆனால் அந்த மரபணு இல்லாத எலிக்கருவும் கருப்பையிலேயே இறந்துவிடுகிறது. எல்லாச் செல்லுக்கும் தேவையான ஒன்றை நீக்கி, புற்றுநோய்ச் செல் செத்தது என்று காட்டுவதில் புற்றுநோயைப் பற்றி நாம் என்ன கற்றோம்? செல்லின் வளர்ச்சி குறைவதையே சான்றாகக் கொள்ளும் சோதனைகள் எவ்வளவு எளிதில் ஏமாற்றும் என்பதை வில்லியம் கேலின் 2017இல் விரிவாகவே எழுதினார்.

இன்னொரு முரணும் உண்டு. மெத்தில் குறியைக் காக்கும் புரதம் கட்டியில் கூடினால் குறிகளும் கூட வேண்டும். ஆனால் புற்றுநோய்ச் செல்களில் மெத்தில் குறைந்திருப்பதை ஆண்ட்ரூ ஃபைன்பெர்க்கும் பெர்ட் வோகல்ஸ்டீனும் 1983லேயே காட்டிவிட்டார்கள். 2014இல் கிர்ஸ்டன் சாட்லர் குழு வரிக்குதிரை மீனின் கல்லீரலில் யுஎச்ஆர்எஃப்1ஐ மிகையாக்கியபோது டிஎன்எம்டி1 நிலைகுலைந்தது, மெத்தில் குறைந்தது, கட்டியும் வந்தது. இத்துறையில் காரணத்தை நேராகத் தொட்ட அரிய வேலை அது. மற்றவர்கள் அதை எடுத்தாளும் விதம்தான் எரிச்சலூட்டுகிறது. மெத்தில் கூடி ஒரு மரபணு அடங்கினாலும் யுஎச்ஆர்எஃப்1 குற்றவாளி. மெத்தில் குறைந்து மரபணுத்தொகுதி தளர்ந்தாலும் அதுவே குற்றவாளி. எந்த விளைவு வந்தாலும் தோற்காத கருதுகோள் எதையும் விளக்குவதில்லை.

யுபிக்விட்டின், மெத்திலேற்ற ஏற்பாடுகளிலிருந்து மருந்துகள் வந்திருக்கின்றனவே என்று வாதிடுவார்கள். எப்படி வந்தன என்று பார்ப்போம். 2003இல் அனுமதி பெற்ற போர்ட்டெசோமிப் யுபிக்விட்டினை ஒட்டும் நொதியான எந்தத் தனி லிகேஸையும் தாக்கவில்லை, புரோட்டியசோமையே அடைக்கிறது. தாலிடோமைடு குடும்பத்து மருந்துகள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய் நோயாளிகளிடம் பலன் தந்துகொண்டிருந்த பிறகுதான், 2010இல் ஜப்பானில் ஹிரோஷி ஹண்டா குழு, தாலிடோமைடு பற்றிக்கொள்வது செரிப்ளானை என்று கண்டது. செரிப்ளான் ஒரு யுபிக்விட்டின் லிகேஸின் பகுதி. அசாசைட்டிடின் என்ற மருந்தை 1960களில் செக்கோஸ்லோவாக்கியாவில் உருவாக்கியவர்களுக்கு மெத்திலேற்றம் நோக்கமே இல்லை. அது மெத்திலேற்றத்தைத் தடுப்பதை 1980இல்தான் பீட்டர் ஜோன்ஸும் ஷெர்லி டெய்லரும் காட்டினார்கள். அடங்கிக் கிடக்கும், கட்டியைத் தடுக்கும் காவல் மரபணுக்களை அது எழுப்புகிறது என்பதே நெடுங்காலம் சொல்லப்பட்ட விளக்கம். 2015இல் இரண்டு குழுக்கள், நம் மரபணுத்தொகுதியில் உறங்கும் பழைய வைரஸ் துண்டுகளை அது விழிக்கவைத்து, செல்லுக்குள் வைரஸ் எச்சரிக்கையைக் கிளப்புகிறது என்று காட்டின. மருந்து முன்னே, விளக்கம் பின்னே, அந்த விளக்கமும் பாதியில் மாறியது. இந்த வெற்றிகளில் வார்ப்புக் கட்டுரைக்குப் பங்கில்லை.

காரணத்திலிருந்து மருந்துக்குப் போன வழி எப்படி இருக்கும் என்பதற்கும் இதே துறையில் முன்மாதிரி இருக்கிறது. விஎச்எல் ஒரு யுபிக்விட்டின் லிகேஸின் உறுப்பு. அதன் பழுதைப் பரம்பரையாகப் பெறும் குடும்பங்களில் சிறுநீரகப் புற்றுநோய் வருகிறது. அந்த மரபணுவை 1993இல் கண்டார்கள். குடும்ப வரலாறு இல்லாதவர்களின் சிறுநீரகக் கட்டிகளிலும் அது சிதைந்திருந்தது. சிலவற்றில் மெத்திலேற்றத்தால் அடங்கிக் கிடந்தது. இப்படி வெவ்வேறு வழிகளில் ஒரே மரபணு முடங்கியிருந்தால் அங்கே காரணம் இருக்கிறது. அந்த நூலைப் பிடித்துப் போய், விஎச்எல் அழிக்கத் தவறும் எச்ஐஎஃப்-2ஆல்ஃபாவைத் தடுக்கும் பெல்சுட்டிஃபான் 2021இல் மருந்தானது. யுஎச்ஆர்எஃப்1க்கு அப்படியொரு பரம்பரைச் சான்று எங்கே? கட்டிகளில் அடிக்கடி பழுதாகும் மரபணுக்களில்கூட அது இல்லை.

ஆகவே இதழாசிரியர்களிடமும் நிதி தருபவர்களிடமும் கேட்பது மூன்றுதான். கட்டியை ஓய்ந்த திசுவோடு ஒப்பிடாமல், அதே வேகத்தில் பெருகும் நல்ல திசுவோடு ஒப்பிடட்டும். மருந்துக்கு அசையாதபடி மாற்றிய புரதத்தைச் செல்லில் வைத்து, அப்போது செல் பிழைக்கிறதா என்று காட்டட்டும். நோயாளிகளின் மரபணுவில் சான்று இல்லையென்றால் அதை முதல் பத்தியிலேயே ஒப்புக்கொள்ளட்டும். மூன்றும் இல்லாத கட்டுரை நல்ல உயிரியலாக இருக்கலாம். அந்தப் பெயரிலேயே அச்சாகட்டும். புற்றுநோய்க்கென்று ஒதுக்கிய பணத்தில் அதற்குப் பங்கு கிடையாது.