காயத்துக்கு மருந்து கட்ட எங்களுக்கும் தெரியும்

“சிலோன்ல இதுக்கெல்லாம் ட்ரெய்னிங் இருக்கா மேடம்?” சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் என் சின்னம்மாவின் குதிக்கால் புண்ணுக்குக் கட்டு மாற்றும்போது, மேற்பார்வைக்கு நின்ற பெண் கேட்ட கேள்வி இது. சின்னம்மாவின் காலை நான் தாங்கிப் பிடித்த விதத்தைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டார். கெட்ட எண்ணத்தோடு கேட்டார் என்று சொல்லமாட்டேன். ஆனாலும் அந்த ‘இதுக்கெல்லாம்’ எனக்குச் சுட்டது. யாழ்ப்பாணத்து விடுதிகளில் தாதியாக வேலை பார்த்தவள் நான். இப்போது பராமரிப்பாளர் படிப்புக்கு வரும் பிள்ளைகளுக்குக் காயப் பராமரிப்பைச் சொல்லிக்கொடுக்கிறேன். நோயாளியின் கட்டிலருகில் நின்று வாதாடுவது எங்கள் பழக்கம் இல்லை. அதனால் பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆட்களைச் சொல்லவேண்டும். எங்களிடம் தாதி, அங்கே செவிலியர். எங்கள் நோயாளிகள் ‘மிஸ்ஸி’ என்று கூப்பிடுவார்கள், அவர்கள் ‘சிஸ்டர்’ என்பார்கள். கட்டில் விரிப்பவர், நோயாளியைத் திருப்பிப் படுக்கவைப்பவர், தள்ளுவண்டி தள்ளுபவர் எங்களுக்குச் சிற்றூழியர். பழைய ஆட்களின் வாயில் ‘அற்றென்டன்’. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையில் அவர் பல்நோக்கு மருத்துவமனைப் பணியாளர், தனியாரில் ஜி.டி.ஏ., அதாவது ஜெனரல் டியூட்டி அசிஸ்டன்ட். எங்கள் முதியவர்களின் சலரோகம் அங்கே சுகர். நாங்கள் மருந்து கட்டுகிறோம், அவர்கள் டிரஸ்ஸிங் பண்ணுகிறார்கள். பெயர் எதுவாக இருந்தாலும் நோயாளியின் உடம்பை அதிக நேரம் தொட்டுக்கொண்டிருப்பவர் இந்த உதவியாளர்தான். படுக்கைப்புண் தொடங்குவதை முதலில் காணக்கூடியவரும் அவரே. டொக்டர் வந்து பார்க்கும்போது அது பெரும்பாலும் புண்ணாகவே ஆகியிருக்கும்.

எங்கள் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மருந்து கட்டுவது தாதியின் பொறுப்பு. பயிற்சிக் கல்லூரியில் 3 வருடம் படித்துவிட்டு வருபவர் அவர். சிற்றூழியர் பக்கத்தில் நின்று கையையோ காலையோ தாங்குவார், வெளிச்சத்தைத் திருப்புவார், அழுக்குக் கட்டை வாங்கிக் கழிவு வாளியில் போடுவார். தொழிலை அவர் பெரும்பாலும் விடுதியிலேயே, ஒரு மூத்த மிஸ்ஸியின் கண்ணுக்கு முன்னால் பழகுகிறார். இதைத்தான் வெளியார் ‘பயிற்சி இல்லை’ என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்த விடுதியில் ஓர் அற்றென்டன் ஐயா இருந்தார். காயத்தில் ஒட்டிப்போன கோஸை நான் இழுக்கப் போனால் என் கையை மெதுவாகத் தடுப்பார். சேலைனை அதன்மேல் சொட்டுச் சொட்டாக ஊற்றுவார். ஊறும்வரை நோயாளியோடு தோட்டத்து வெங்காயத்தைப் பற்றிக் கதைப்பார். பிறகு ஒரு மூலையைத் தூக்கினால் கோஸ் தானாகக் கழன்று வரும். பிடுங்கியிருந்தால் புதிதாக வளர்ந்த சிவந்த தசையும் அதோடு வந்திருக்கும், அதுவரை ஆறியது வீணாகியிருக்கும். இன்னொரு நாள் அவர் என்னைத் தனியே கூப்பிட்டு, “மிஸ்ஸி, 7ஆம் கட்டில்காரருக்கு இந்த மணம் நேற்று இல்லை” என்றார். காய்ச்சல் ஏறுவதற்கு முன்பே டொக்டரை அழைத்தோம். அவரிடம் சான்றிதழ் எதுவும் இருந்ததில்லை. காயப் பராமரிப்பில் உதவியாளர் கற்கவேண்டியதில் பாதி இதுதான்: பார்ப்பது, மணப்பது, தொட்டுப் பார்ப்பது, நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தை உடனே போய்ச் சொல்வது. கட்டுவதைக் கொஞ்ச நாளில் யாருக்கும் பழக்கிவிடலாம்.

நியாயமாகப் பேசினால் இந்தியப் பக்கமும் சொல்ல இருக்கிறது. அங்கே ஜி.டி.ஏ. வேலைக்குத் தேசிய அளவில் எழுதிய தகுதிநிலை உண்டு. ஹெல்த்கேர் செக்டர் ஸ்கில் கவுன்சில் அதை வகுத்திருக்கிறது. சின்னம்மாவைப் பார்த்துக்கொண்ட பிள்ளை தென்மாவட்டத்திலிருந்து வந்தவள். விரலிடுக்கு, பெருவிரல், நகநுனி என்று ஒன்றையும் விடாமல் ஒவ்வொரு முறையும் கை கழுவினாள். “புண்ணுல எந்த மருந்து வைக்கணும்னு நான் முடிவு பண்ணக்கூடாது மேடம், அது சிஸ்டர் வேலை” என்று தன் எல்லையை ஒரே வசனத்தில் சொன்னாள். எங்கள் சிற்றூழியரிடம் கேட்டால் இவ்வளவு தெளிவாகச் சொல்வாரோ தெரியாது. எல்லை எழுத்தில் இல்லாத இடத்தில், ஆள் குறைந்த இரவில், யாரோ ஒருவர் அதைத் தாண்டத்தான் செய்வார். எங்கள் நாட்டிலும் தேசிய தொழிற்றகைமை என்ற ஏற்பாடு இருக்கிறது, பராமரிப்பாளர் படிப்பும் அதற்குள் வருகிறது. ஆனால் அதைப் படித்து முடிக்கும் பிள்ளைகளில் பலர் வெளிநாட்டு முதியவர்களைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். இந்தியாவின் மற்ற மாநிலங்களில் நடப்பதை அங்கே வேலை செய்தவர்கள் எழுதட்டும். நான் கண்டது அந்த மருத்துவமனைத் தளமும், அந்தப் பிள்ளையும், சுவரில் ஒட்டியிருந்த அட்டவணைகளும்.

அந்த அட்டவணைகளில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி இரத்தம் பட்ட கோஸும் பஞ்சும் மஞ்சள் பையில், குழாய், கையுறை போன்றவை சிவப்புப் பையில். எங்களிடமும் தொற்றுக் கழிவுக்கு மஞ்சள்தான். ஆனால் எங்கள் நிறமுறையில் சிவப்பு என்றால் கண்ணாடி. யாழ்ப்பாணத்தில் பழகிய கை சென்னையில் சிவப்பைக் கண்டு ஒரு கணம் தயங்கத்தான் செய்யும். அதைப் பார்த்துப் பயிற்சி இல்லாதவள் என்று எண்ணினால் அது சரியில்லை.

பழைய கதைக்குப் போனால் எங்கள் பக்கம் இன்னும் கனமாகும். 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் படிப்பித்தார். பிறகு அதைத் தமிழிலேயே படிப்பித்தார். சத்திரசிகிச்சைக்கு ‘இரண வைத்தியம்’ என்ற தமிழ் நூல் 1867இல் அங்கிருந்து வந்தது. இன்றைக்கு என் வகுப்புப் பிள்ளைகள் ஒளிப்பிரதித் தாள்களை வைத்துப் படிக்கும்போது எனக்கு அந்த நூலின் நினைவு வரும். 1990களில், பொருளாதாரத் தடைக் காலத்தில், வடக்கில் ஒரு சுருள் பண்டேஜின் விலை என்ன என்பது எங்களுக்குத்தான் தெரியும். வீணாக்காமல் கட்டவும், தொற்று வராமல் கட்டவும் அந்தக் காலம் எங்களைப் பழக்கியது. அதை எந்தப் பாடத்திட்டமும் கற்றுத்தராது.

இந்தியா கொடுத்ததையும் மறைக்கமாட்டேன். 1946இல் வேலூருக்கு வந்த சத்திரசிகிச்சை நிபுணர் பால் பிராண்ட், தொழுநோயாளியின் கால்புண்ணுக்குப் பெரிய காரணம் வலி உணராமைதான், அழுத்தத்தை எடுத்துவிட்டால் புண் ஆறும் என்று காட்டினார். சலரோகக்காரரின் காலை இன்றைக்கு நாங்கள் பார்க்கும் முறைக்கே அதில் வேர் இருக்கிறது. எங்கள் ஊரில் மிதிவெடியில் காலிழந்தவர்களை நடக்கவைத்த ஜெய்ப்பூர்க் காலும் 1968இல் அங்கே பிறந்ததுதான். அந்தக் காலை மாட்டுவதற்கு முன் வெட்டுப்பட்ட நுனியைக் கழுவித் துடைத்து, புண் வராமல் காத்தவை எங்கள் கைகள்.

இரண்டு கரையிலும் ஒரேமாதிரி மாற்றவேண்டிய பழக்கங்கள் இருக்கின்றன. ‘புண்ணைக் காயவிடு’ என்று இங்கேயும் சொல்வார்கள், அங்கேயும் சொல்வார்கள். மூடி ஈரப்பதத்தோடு வைத்த காயத்தில் தோல் விரைவாக வளர்கிறது என்பதை 1962இலேயே ஆய்வாளர் ஜோர்ஜ் வின்டர் பன்றிகளில் செய்த ஆய்வில் காட்டிவிட்டார். ஆறிவரும் காயத்துக்குள் ஸ்பிரிட்டையோ ஹைட்ரஜன் பெரொக்சைட்டையோ ஊற்றினால் கிருமியோடு நல்ல தசையும் சாகும். அதேபோல, படுக்கைப்புண்ணின் முதல் அடையாளம் அழுத்தினாலும் மாறாத சிவப்பு என்று வெள்ளைத் தோலுக்கு எழுதிய பாடத்தில் இருக்கும். எங்கள் கறுத்த தோலில் அந்தச் சிவப்பு எளிதில் தெரியாது. புறங்கையை வைத்துச் சூடு பார்க்கவேண்டும், விரலால் அழுத்தி இறுக்கமோ தளர்வோ இருக்கிறதா என்று பார்க்கவேண்டும், பக்கத்துத் தோலோடு ஒப்பிடவேண்டும். இதை நான் வகுப்பில் ஒருவர் குதிக்காலை மற்றவர் தொட்டுப் பார்க்கவைத்தே படிப்பிக்கிறேன்.

வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதில் தமிழ்நாடு முந்தியிருக்கிறது. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் படுக்கையில் கிடப்பவரின் வீட்டுக்கே செவிலியர் போகிறார். எங்களிடம் குடும்பநல உத்தியோகத்தர் பிள்ளை பெற்ற தாயின் வீட்டுக்கு முதல் 10 நாட்களுக்குள் போய்த் தையலையும் குழந்தையின் தொப்புளையும் பார்ப்பது எத்தனையோ காலமாக நடந்துவருகிறது. ஆனால் முதியவருக்கு அப்படி ஒருவர் எல்லா ஊரிலும் வருவதில்லை. பிள்ளைகள் கனடாவில், தாய் வடமராட்சியில் கட்டிலோடு. சம்பளத்துக்கு நிற்கும் பக்கத்து வீட்டுப் பெண் அன்பாகத்தான் பார்ப்பாள். 2 மணித்தியாலத்துக்கு ஒருக்கால் திருப்பவேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். மருந்து கட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஓட்டோக்காசு, தூக்க 2 பேர். அந்தப் பெண்ணைப் போன்றவர்களை ஒரு கிழமை விடுதியில் மிஸ்ஸியோடு நிற்க அனுமதித்தால் போதும். படிப்பிக்க நாங்கள் இருக்கிறோம்.