'நான்' என்று தொடங்கும் கேள்விகள்

மாணவர்களின் மனநலத்தை அளப்பது இன்று ஒரு நிறுவனச் செயல்பாடு. 2022 ஜனவரியிலிருந்து மார்ச் வரை என்.சி.இ.ஆர்.டி. நாடு முழுக்க ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படிக்கும் 3,79,842 பேரிடம் கேட்டது. செப்டம்பரில் அறிக்கை வந்தது. 81 சதவீதம் பேர் தங்கள் பதற்றத்துக்குக் காரணம் படிப்பு, தேர்வு, தேர்வு முடிவு என்றார்கள். பத்திரிகைகள் பெரும்பாலும் இந்த எண்ணோடு நின்றுவிட்டன. நமக்கு வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இவ்வகை வினாத்தாள்களை ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாம். வாக்கியங்கள் பெரும்பாலும் தன்மை ஒருமையில் இருக்கும். நான் சோர்வாக உணர்கிறேன். நான் என் கோபத்தைக் கட்டுப்படுத்துகிறேன். எதிரே ஐந்து கட்டம். லிக்கர்ட் 1932இல் மனப்பாங்கை அளக்கக் கொண்டுவந்த ஏற்பாட்டின் வாரிசு இது. சிறுசேரி சிப்காட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் நண்பர் ஒருவருக்கும் வருஷத்துக்கு ஒருதரம் இதே கட்டங்கள்தாம் வரும், வேலையில் மகிழ்ச்சியா என்று கேட்டு. (இல்லேன்னு எவன் டிக் அடிப்பான் என்பார்.) தெரு, சாதி, வர்க்கம் எதுவும் ஒட்டாத 'நான்' இது. கோபம் இவனுக்குள் இருக்கிறது, குறைத்துக்கொள்வதும் இவன் பொறுப்பு. அதே அறிக்கையில் மாணவர்கள் சொன்ன சமாளிப்பு வழிகள்: யோகா, தியானம், எண்ணத்தை மாற்றிக்கொள்ள முயல்வது, நாட்குறிப்பு எழுதுவது. பிள்ளைகளைக் குறை சொல்வதற்கில்லை. கேள்வியின் இலக்கணம் அப்படி.

தமிழ் படித்தவன் என்பதால் மெய்ப்பாட்டியல் நினைவுக்கு வருகிறது. (எல்லாம் தொல்காப்பியத்திலேயே இருக்கு என்கிற மேடைப் பேச்சுக்கு நான் வரவில்லை.) எட்டு மெய்ப்பாட்டுக்கும் தலா நான்கு நிலைக்களன் சொல்லப்படுகிறது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. வெகுளிக்கு உறுப்பை வெட்டுவது, குடியை நலிவது, வைது அடிப்பது, கொல்வது. உணர்ச்சி உடம்பில் தெரிந்தாலும் அதன் களன் வெளியே, மனிதர்களுக்கு நடுவே இருக்கிறது. 'எதனால்' என்று அது கேட்கிறது. நம் வினாத்தாள் 'எத்தனை தடவை' என்று கேட்கிறது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரையும் அவர் தங்கையையும் அவரோடு படித்த மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். துன்புறுத்தல் தாங்காமல் அவர் அதற்கு முன்பே பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தார். பள்ளியில் புகார் சொன்ன பிறகுதான் வெட்டு விழுந்தது. பள்ளிக்கு வராத நாட்களில் வினாத்தாள் கொடுத்திருந்தால் அவருடைய தாளே இருந்திருக்காது. வெட்டியவர்களின் தாள்கள் இருந்திருக்கும், நண்பர்களோடு நல்ல உறவு என்ற கட்டத்தில் டிக் அடித்து. இதையொட்டி அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மனசை அளக்கும் கருவி எதுவும் அதனிடம் இல்லை. கையில் கட்டும் வண்ணக் கயிற்றை அது பார்த்தது, நெற்றிப் பொட்டைப் பார்த்தது. ஒரு பகுதியில் ஆதிக்கமாக உள்ள சாதியைச் சேர்ந்தவரை அங்கேயே தலைமையாசிரியராகப் போடக்கூடாது என்றது. மாணவரின் பதற்றம் பற்றி அந்த 81 சதவீதத்தைவிட இந்தக் கயிறு எனக்கு அதிகம் சொல்கிறது.

ஆனாலும் அளக்கவே கூடாது என்பது என் வாதமில்லை. எண் இல்லாவிட்டால் அதிகாரி எழுந்து போய்விடுவார், தெரியும். யாரை, யார் கையால் அளப்பது என்பதே சிக்கல். தாளில் பெயர் எழுதுவது விருப்பம்தான். ஆனால் வகுப்பில் தாளை வாங்கிக்கொள்பவர் வகுப்பாசிரியர். 'நீ இன்னார் பிள்ளைதானே' என்று கேட்டவரே அவராக இருந்தால்?

சிறுசேரிக்குப் பக்கத்திலேயே பெரும்பாக்கம் இருக்கிறது. 2019 டிசம்பரில், கல்வியாண்டின் நடுவில், சத்தியவாணிமுத்து நகரிலிருந்து குடும்பங்களை அப்புறப்படுத்தி அங்கே கொண்டுவந்து விட்டார்கள். 'வகுப்பில் எனக்கு நெருங்கிய நண்பர்கள் இருக்கிறார்கள்' என்ற வாக்கியத்தை அப்படி வந்த பிள்ளையிடம் நீட்டினால், 'எந்த ஸ்கூல்ல சார், அங்கயா இங்கயா?' என்று அது திருப்பிக் கேட்கலாம். அதை எழுத ஆறாவது கட்டம் தாளில் இல்லை.