பகடை மேல் பழி: ‘ஃபைனல் கேர்ள்’ ஆட்டமும் சீதைப் பாண்டியும்

‘ஃபைனல் கேர்ள்’ ஆடிவிட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: “எல்லாம் பகடை கையில இருக்கு, நாம செய்ய ஒண்ணுமில்ல.” எனக்கு இது சரியாகப் படவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன், அதை இங்கே எழுதி வைக்கிறேன். ஆட்டத்தில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது.

தெரியாதவர்களுக்கு: இது ஒரே ஒருவர் மட்டும் ஆடும் திகில் ஆட்டம். ஏ.ஜே. போர்ஃபிரியோ, எவன் டெரிக் இருவரும் வடிவமைத்தது. வான் ரைடர் கேம்ஸ் 2021-ல் வெளியிட்டது. கொலைகாரன் ஒருவன் சுற்றுகிறான். நீங்கள்தான் கடைசியில் மிஞ்சப்போகும் பெண். மற்றவர்களை வாசல் வரை கொண்டுவந்து சேர்க்க வேண்டும், பிறகு அவனைத் தீர்க்க வேண்டும். திகில் படங்களில் வரும் இந்தப் பெண்ணுக்கு அப்படிப் பெயர் வைத்தவர் கேரல் குளோவர் என்ற பேராசிரியை, 1987-ல்.

சரி, கணக்கு. பகடையில் 5, 6 விழுந்தால் வெற்றி. 3, 4 விழுந்தால் கையிலுள்ள சீட்டில் இரண்டைத் தூக்கிப் போட்டு அதை வெற்றியாக மாற்றிக்கொள்ளலாம். 1, 2 விழுந்தால் போச்சு. இரண்டு பகடை உருட்டுகிறீர்கள் என்றால் ஒரு வெற்றியாவது கிடைக்க 9-ல் 5 பங்கு வாய்ப்பு, அதாவது சுமார் 56 சதவீதம். தூக்கிப் போட இரண்டு சீட்டு கையில் இருந்தால் அதுவே 9-ல் 8, கிட்டத்தட்ட 89 சதவீதம். அந்தச் சீட்டுகளும் குலுக்கலில் வருவதில்லை. மிச்சமிருக்கும் நேரத்தைச் செலவழித்து நாமே பார்த்து எடுப்பவை. ஆக, எத்தனை சீட்டைக் கையில் மிச்சம் வைத்துக்கொண்டு உருட்டுகிறோம் என்பதுதான் ஆட்டமே. எல்லாச் சீட்டையும் செலவழித்துவிட்டு வெறுங்கையோடு உருட்டினால் பகடை என்ன செய்யும்?

நம்ம தாயத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு தாயக்கட்டை, ஒவ்வொன்றிலும் 0, 1, 2, 3. தாயம் விழ 16-ல் 2 வாய்ப்பு. விழாமல் காயை இறக்கவே முடியாது. மாற்றிக்கொள்ளச் சீட்டும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. சனிக்கிழமை மத்தியானம் முழுக்கத் தாயம் போடாமல் உட்கார்ந்திருந்த ஆட்களை ராமநாதபுரத்துத் திண்ணைகளில் பார்த்திருக்கிறேன். யாரும் ஆட்டத்தைக் குறை சொன்னதில்லை. “உனக்கு மட்டும் எப்புடிடா விழுகுது?” என்று எதிரில் இருப்பவனைத்தான் திட்டுவார்கள். தனி ஆட்டத்தில் எதிரில் ஆள் இல்லை. கோபம் எங்கே போகும்? பகடை மேல்தான்.

தனியாக ஆடுவது நமக்குப் புதிதும் இல்லை. பல்லாங்குழியில் சீதைப் பாண்டி என்று ஒன்று உண்டு. அசோகவனத்தில் அரக்கியர் காவலில் இருந்த சீதை தனியே ஆடியது என்று சொல்வார்கள். சேது இருக்கிற மண் என்பதால் எங்கள் பக்கம் இந்தக் கதைக்குக் கொஞ்சம் உரிமை அதிகம். அம்மா ஆடுவது இப்படி: ஒரு பக்கத்து ஏழு குழியில் 7, 6, 5, 4, 3, 2, 1 என்று 28 சோழி. ஏழு உள்ள குழியை அள்ளி அடுத்தடுத்த குழியில் ஒவ்வொன்றாகப் போட்டு வந்தால், கடைசிச் சோழி அள்ளிய குழியிலேயே வந்து விழும். இப்போது 1, 7, 6, 5, 4, 3, 2. மறுபடி ஏழை அள்ளு. ஏழு தடவை அள்ளினால் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும். நிரலாக எழுதினால் ஒரே வரிதான்: வரிசையை ஓரிடம் வலப்பக்கம் தள்ளு.

இதில் அதிர்ஷ்டமும் இல்லை, முடிவெடுக்க எதுவும் இல்லை. தோற்கவே முடியாது. இதை ஆட்டம் என்று சொல்லலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவர் கேள்வி நியாயம்தான். ஆனால் பயந்து கிடக்கிற ஒருத்திக்கு இன்னொரு பகடையா வேண்டும்? அடுத்து என்ன வரும் என்று தெரிந்த ஒரு பொருளாவது கையில் இருக்கட்டும் என்றுதான் யாரோ இதைச் செய்திருக்கிறார்கள் என்பது என் ஊகம்.

அம்மாவுக்கு ஃபைனல் கேர்ளைக் காட்டினேன். ஒரு ஆட்டம் முழுக்கப் பக்கத்தில் இருந்து பார்த்தார். “ஏன்ப்பா, காசு குடுத்தா பயத்த வாங்குவாக?” என்றார். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனபோது அம்மாவுக்கு 9 வயது, பாம்பனில் இருந்தார். தனுஷ்கோடியைப் ‘பேய் நகரம்’ என்று சுற்றுலாக்காரர்கள் சொல்வதைக் கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுவார். அப்பா இறந்த பிறகு இரவில் தூக்கம் வராதபோது அவர் எடுப்பது பாண்டிப் பலகையைத்தான். அதற்காக நான் ஆடுவதை விடவில்லை. பயமே தெரியாமல் பத்து மணி நேரம் திரையைப் பார்க்கிற எனக்கு வேறு மருந்து வேண்டியிருக்கிறது.

இப்போது உண்மையான குறை. இந்த ஆட்டத்தில் பயம் ஏற ஏறப் பகடையின் எண்ணிக்கை குறையும். மூன்று இரண்டாகி, ஒன்றாகும். ஒற்றைப் பகடையில் வெற்றி வாய்ப்பு மூன்றில் ஒன்று. கை நடுங்குவதை இதைவிட அழகாகக் கணக்காக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சரிய ஆரம்பித்தால் சரிந்துகொண்டே போகிறது. ஆட்கள் சாகச் சாகக் கொலைகாரனின் வெறி ஏறுகிறது, உங்கள் சீட்டோ கரைகிறது. பாதியிலேயே தோல்வி தெரிந்துவிடும், மீதியைச் சடங்கு போல ஆட வேண்டும். அந்தக் கட்டத்தில் ஆட்டம் பயமுறுத்துவதில்லை, அலுப்பூட்டுகிறது. திகில் ஆட்டத்துக்கு அதுதான் பெரிய குறை. எடுத்து அடுக்க நேரமாகிறது என்ற புகாரும் உண்மைதான், ஆனால் நான்கு தடவைக்குப் பிறகு கை பழகிவிடும்.

வாங்குவதாக இருந்தால் ஒன்று கவனியுங்கள்: அடிப்படைப் பெட்டியை மட்டும் வைத்து ஆட முடியாது, கதைப் பெட்டி ஒன்றாவது தனியாக வாங்க வேண்டும். ஆடும்போது ஆயுதம் தேடி ஓடாமல், பயத்தைக் குறைக்கும் சீட்டை முதலில் எடுங்கள். இரண்டு பகடைக்குக் கீழே இறங்கவிடாமல் பார்த்துக்கொண்ட ஆட்டங்களில்தான் நான் ஜெயித்திருக்கிறேன்.